வாசல் காத்தவன்

தேவிகாபுரத்தில் பொழுது விடியும் முன்பே தெருவில் பாவு நீட்டிவிடுவார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மூங்கில் கால்களின் மேல் பட்டு இழைகள் ஓடும். வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தடவி, அறுந்ததை முடிந்து, சுருட்டி எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் ஆடு வரக் கூடாது, சைக்கிள் வரக் கூடாது, பிள்ளைகள் குறுக்கே ஓடக் கூடாது. எங்கள் மணி மட்டும் வருவான். பாவுக்கு அடியில் வயிறு தரையைத் தொடக் குனிந்து, முதுகு ஓர் இழையிலும் படாமல், இந்தத் திண்ணையிலிருந்து எதிர்த் திண்ணைக்குப் போய்விடுவான். குட்டியாக இருந்தபோது ஒருமுறை பாவில் சிக்கி ஒரு பிடி இழைகளை அறுத்துவிட்டு அப்பாவிடம் ஓர் அடி வாங்கினான். அதற்கப்புறம் 14 வருடம் அவனால் ஓர் இழைகூட அறுந்ததில்லை.

போன ஆவணியில் ஒரு காலை, பாவுக்கு நடுவில் போய் நின்றான். குனியவில்லை. இழைகள் மார்பில் பட்டு இழுபட்டன. முன்னால் போவதா பின்னால் வருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டான். தெருவே கத்தியது. அப்பா கத்தவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார்.

“கண்ணு போச்சுடா இவனுக்கு” என்றார்.

மணி ஜாதி நாய் இல்லை. ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று தமிழ்நாட்டு நாய்களுக்குப் பெயர் பெற்ற இனங்கள் உண்டு. ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலையே வெளியிட்டார்கள். மணி, பெரியநாயகி அம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் மதில் ஓரமாக யாரோ விட்டுப்போன செவலைக் குட்டி. தம்பி அவனைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். கழுத்துப் பட்டை வாங்கவில்லை. ஒரு பாவு முடியும்போது நெய்ய முடியாமல் கடைசியில் கொஞ்சம் நூல் தறியில் மிஞ்சும். அதை முறுக்கி அப்பாவே கயிறு செய்து கட்டினார். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று அந்தந்தப் பாவின் நிறத்தில் வருடத்துக்கு ஒரு கயிறு.

அவன் இடம் தறிக்குழியின் ஓரம். குழிக்குள் அப்பாவின் கால்கள் மிதியில் ஏறி இறங்கும். அந்த அதிர்வு படுகிற இடத்தில் முதுகை ஒட்டிப் படுத்திருப்பான். தறிச் சத்தத்தில் நன்றாகத் தூங்குவான். சத்தம் நின்றால்தான் கண் திறப்பான். இழை அறுந்ததா, சரிகை தீர்ந்ததா, முதலாளி வீட்டு ஆள் வந்து வாசலில் நிற்கிறாரா என்று ஒரு பார்வை. பிறகு மறுபடி தூக்கம். ராத்திரியில் வாசல் அவனுடையது.

பாவு நடந்த அன்று சாயங்காலமே யோசனை சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள். “கொண்டுபோய் சந்தைப் பக்கம் விட்டுட்டு வந்துடு. எவனாவது சோறு போடுவான்.” “கறிக்கடை கிட்ட விட்டா பொழச்சிக்கும்.” ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, “சோத்துல வெச்சிடு, வலி தெரியாது” என்றார்.

சொன்னவர்கள் கொடியவர்கள் இல்லை. எங்களோடு ஒரே தெருவில் நெய்கிறவர்கள். ஒரு பாவு கெட்டால் ஒரு வீட்டின் எத்தனை நாள் கூலி போகும் என்று தெரிந்தவர்கள். ஆனால் அவர்கள் சொன்னது தவறு என்பதை இங்கே எழுதியாக வேண்டும். சோற்றில் வைப்பது வலியில்லாத சாவு என்பது பொய். எலி மருந்து நாள்கணக்கில் உள்ளுக்குள் ரத்தம் கசியவைத்துக் கொல்லும். பூச்சி மருந்து வலிப்பும் நுரையுமாகக் கொல்லும். விட்டுவிட்டு வருவதும் இதைவிடப் பெரிய கருணை இல்லை. கண் போன நாய்க்கு வீடு என்பது பழகிய வாசனையும் பழகிய அடிகளும்தான். தண்ணீர்த் தொட்டிக்கு எத்தனை அடி, படிக்கு எத்தனை அடி என்று அதன் கால்கள் கணக்கு வைத்திருக்கும். சந்தைப் பக்கம் இறக்கிவிட்டால் அந்தக் கணக்கு முழுவதும் ஒரு நொடியில் பயனற்றுப் போகும். அங்கே இருக்கிற நாய்கள் முதல் ராத்திரியே வந்து சூழும்.

1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்வரை. அந்தத் தொகை பல பத்தாண்டுகளாக அப்படியே நிற்கிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களைப் பிடித்து அடைக்கச் சொல்லி ஓர் உத்தரவும், 11 நாள் கழித்து அதைத் திருத்தி இன்னோர் உத்தரவும் போட்டபோது நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. கடிபட்ட குழந்தையின் வீட்டார் கொள்ளும் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் தெருவில் நிற்பவற்றில் ஒரு காலத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாய்களும் இருக்கின்றன. வயதானதும் விட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றி அந்தப் பேச்சில் யாரும் அதிகம் பேசவில்லை.

யோசனை சொன்னவர்களுக்கு அப்பா ஒரே பதில்தான் வைத்திருந்தார். “தருமரே நாயை உட்டுட்டு ரதத்துல ஏறலப்பா.” எங்கள் பக்கம் பங்குனி, சித்திரை மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. நான் பார்த்த கூத்துகளில் கதை துரியோதனன் படுகளத்தோடும் தருமர் பட்டாபிஷேகத்தோடும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பாண்டவர்கள் நாட்டைவிட்டு வடக்கே நடப்பதும், ஒவ்வொருவராக விழுவதும், கடைசிவரை தருமர் பின்னால் ஒரு நாய் வருவதும் மேடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. அப்பா அதைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறார். சொர்க்கத்திலிருந்து வந்த ரதத்தில் நாய்க்கு இடமில்லை என்றதும் எனக்கும் வேண்டாம் என்று நின்றவர் தருமர். நாய் பிறகு தருமதேவதையாக மாறியதை அப்பா சொல்வதே இல்லை. அவருக்குக் கதை, ரதத்தில் ஏறாமல் நின்ற இடத்தோடு முடிந்துவிடும்.

முதுமை வந்த வீடு

கண்ணோடு எல்லாம் நின்றுவிடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நடக்க ஆரம்பித்தான். கதவுக்குப் பின்னால் மூலையில் போய் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். திரும்பி வரத் தெரியாது. சில ராத்திரிகளில் ஒரு காரணமும் இல்லாமல் ஊளையிட்டான். எமன் வருவது நாயின் கண்ணுக்குத் தெரியும் என்று ஆயா விபூதி எடுத்து எல்லோர் நெற்றியிலும் பூசினாள்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, வயதான மனிதர்களுக்கு வரும் ஞாபக மறதிபோல நாய்க்கும் வரும் என்றார். மூளை தேயத் தேயப் பகலும் இரவும் இடம் மாறிப்போகும். பழகிய வீட்டிலேயே வழி தெரியாமல் போகும். ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், சாமான்களை இடம் மாற்றாதீர்கள் என்றார். கண்ணைப் பற்றியும் விளக்கினார். ஏழெட்டு வயதுக்கு மேல் நாயின் கண்ணில் தெரியும் நீலப் புகை வேறு, வெள்ளைப் புரை வேறு. நீலப் புகை கண்ணின் வில்லை இறுகுவதால் வருவது, பார்வை பெரிதாகக் கெடாது. மணிக்கு இருந்தது புரை. அடுத்து அவர் கேட்டது தண்ணீரைப் பற்றி. எவ்வளவு குடிக்கிறான், எத்தனை முறை ஒன்றுக்குப் போகிறான்? நாங்கள் பெருமையாக, “நல்லா குடிக்கிறான் சார், ஒரு சொம்பு காலி பண்றான்” என்றோம். அவர் முகம் மாறியது. கிழ நாய் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தால் முதலில் சிறுநீரகத்தைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம். சோறு குறைந்து, வாயில் ஒரு கெட்ட வாடை வந்து, தண்ணீர் மட்டும் கூடினால் தாமதிக்கவே கூடாது. எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ஒரு தவறை நான் செய்தேன். அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. மணி பின்னங்காலை ஊன்ற முடியாமல் துடித்த ஒரு ராத்திரி, அப்பா மூட்டுவலிக்குச் சாப்பிடும் மாத்திரையில் பாதியை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். மூன்றாம் நாள் வாந்தியில் ரத்தம் வந்தது. மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக், இப்யூப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாடுகளுக்குக் கொடுத்த அதே டைக்ளோஃபெனாக்கால், செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் இந்த நாட்டில் கூட்டம் கூட்டமாக அழிந்தன. கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை 2006இல் தடை செய்தார்கள். இதெல்லாம் நான் படித்த செய்திதான். படித்தது அந்த ராத்திரியில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மணி அதிலிருந்து தேறினான். ஆனால் பழைய மணியாகத் தேறவில்லை. இதைப் படிக்கிற ஒருவராவது மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணை அழைப்பார் என்றால் அதற்காகவே இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து ஒருபக்கம். மார்கழிக் குளிரில் அதிகம் உதவியது அம்மா வைத்த வெந்நீர். 40 வருடம் குழித்தறி மிதித்த அப்பாவின் முழங்காலுக்குத் தினமும் ஒத்தடம் கொடுப்பாள். அதே தவலைத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து மணியின் இடுப்புக்கும் வைத்தாள். எங்கள் ஊரில் இது புதிதில்லை. மலைமேல் இருக்கும் கனககிரீசுவரர், கிழங்கு தோண்டிய வேடனின் கருவி பட்டுக் காயம்பட்டவர் என்பது ஊர்க் கதை. காயத்துக்கு இதமாக அவருக்கு வெந்நீரில் அபிஷேகம் செய்கிறார்கள். சாமிக்கே வெந்நீர் வைக்கும் ஊர் இது என்று அம்மா சொல்லிக்கொண்டே துணியைப் பிழிவாள். வழுக்கும் சிவப்பு சிமெண்ட் தரையில் பழைய சாக்குகளை வாசல்வரை பாதைபோல விரித்தோம். அவன் சாக்கின் சொரசொரப்பைக் காலால் தடவிக்கொண்டே வாசலுக்குப் போய், வழக்கம்போல ராத்திரிக் காவலுக்குப் படுத்துக்கொண்டான். யார் போனாலும் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் படுத்துக்கொண்டான்.

அவன், அவள், அது

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள், 1948 ஜூனில் இறந்த பசு லட்சுமியின் சமாதியைப் பார்க்காமல் வருவதில்லை. அதற்கு அருகே ஒரு மானுக்கும் ஒரு காகத்துக்கும் ஒரு நாய்க்கும் சிறிய சமாதிகள் இருக்கின்றன. நாயின் பெயர் ஜாக்கி. நோயில் விழுந்தபோது ரமணர் அவனுக்கு மெத்தென்ற படுக்கை போட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். உடம்பிலிருந்து துர்நாற்றம் வீசத் தொடங்கிய பிறகும் அவனைத் தூக்கி மார்போடு அணைத்துத் தடவிக்கொடுத்தார். ஜாக்கி அவர் கையிலேயே போனான்.

அந்த ஆசிரமத்து நாய்களின் கதைகள் தனியாக ஒரு புத்தகத்துக்கு ஆகும். கமலா என்று ஒருத்தி இருந்தாள். புதிதாக வந்தவரைச் சுற்றிக் காட்டிவிட்டு வா என்று ரமணர் சொன்னால், மலையில் இருக்கும் ஒவ்வொரு சிலைக்கும் குளத்துக்கும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத் திரும்ப அழைத்து வருவாளாம். சின்னக் கருப்பன் என்று ஒருவன். தொண்டர் ஒருவர் கடுமையாகப் பேசிய ஒரே காரணத்துக்காக, மழை பெய்த இருட்டில் வெளியேறி, கரி மூட்டையின் மேல் ராத்திரி முழுவதும் கிடந்தான். விடிந்த பிறகு போய்த்தான் அழைத்து வர வேண்டியிருந்தது. ரமணர் எந்தப் பிராணியையும் ‘அது’ என்று சொன்னதில்லை. அவன், அவள் என்றுதான் சொல்வார். பசங்கள் சாப்பிட்டாச்சா என்று அவர் விசாரித்தால், அது ஆசிரமத்து நாய்களைப் பற்றிய விசாரணை என்று கூட இருந்தவர்களுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த இலக்கணப்படி நாய் அஃறிணை. ‘நாய் வந்தது’தான் சரி, ‘நாய் வந்தான்’ பிழை. ஆனால் பிழையாகாத ஓர் இடத்தையும் அதே இலக்கணம் விட்டுவைத்திருக்கிறது. மகிழ்ச்சியால், உயர்வால், சிறப்பால் திணை மாறிச் சொன்னால் அது வழுவாகாது என்கிறது நன்னூல். தன் பசு வருவதைப் பார்த்த ஒருவன் ‘என் அம்மை வந்தாள்’ என்று பூரித்துச் சொல்வது, தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கும் உதாரணம். இலக்கணம் எழுதியவர்கள் வீட்டிலும் மாடும் நாயும் இருந்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றும். இந்தக் கட்டுரை முழுவதும் மணியை அவன் என்று எழுதுகிறேன். அதற்கு அந்த அனுமதி போதும்.

எப்போது?

முதிய நாய் இருக்கும் வீட்டில் எல்லோர் மனத்திலும் இருந்து, யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது. தானாகப் போகட்டும் என்று காத்திருப்பதா, ஊசி போட்டு அனுப்பிவைப்பதா? இதை எங்கள் வீட்டில் முதலில் கேட்டது அம்மா.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர், நோயுற்ற பிராணியின் நாட்களை எடைபோட ஒரு முறை வகுத்திருக்கிறார். வலி அடங்கியிருக்கிறதா, சாப்பிடுகிறதா, உடம்பில் நீர் வற்றாமல் இருக்கிறதா, சுத்தமாக வைத்துக்கொள்ள முடிகிறதா, எதிலாவது சந்தோஷப்படுகிறதா, எழுந்து நடமாடுகிறதா, கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு கேள்விகள். எங்களைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் இதையே சுருக்கிச் சொன்னார். அவனுக்கு ரொம்பப் பிடித்தது மூன்றைச் சொல்லுங்கள், அந்த மூன்றும் அவனுக்கு இன்னும் கிடைக்கிறதா என்று தினமும் பாருங்கள் என்றார். அப்பா யோசிக்கவே இல்லை. “தறிச் சத்தம், பொறை, வாசல்.”

எங்கள் தறிவீட்டுச் சுவரில் ஜவுளிக்கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். கூலிக்கணக்கு முழுவதும் அதில்தான். பாவு வந்த நாள், சேலை கொடுத்த நாள், முன்பணம் வாங்கிய நாள் எல்லாவற்றையும் அப்பா அந்தந்தத் தேதிக் கட்டத்தில் பென்சிலால் எழுதுவார். மருத்துவர் வந்துபோன நாளிலிருந்து கட்டத்தின் மூலையில் ஒரு சின்னக் குறியும் சேர்ந்தது. நல்ல நாளுக்கு ஒரு கோடு, கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல். கார்த்திகை முழுவதும் கோடுகள் அதிகம். மார்கழி பாதியில் பெருக்கல் கூடியது. டீக்கடைப் பொறையைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு நாள் சாக்குப் பாதையில் பாதி தூரம் போய், வாசலை எட்ட முடியாமல், அங்கேயே நனைத்துக்கொண்டு கிடந்தான். அவன் வெட்கப்பட்டான் என்று நான் எழுதினால் விஞ்ஞானம் தெரிந்தவர்கள் மறுக்கக்கூடும். என் கண்ணால் பார்த்தது, அவன் அம்மாவிடமிருந்து முகத்தை மறைத்துக்கொண்டதைத்தான்.

மூன்றில் ஒன்று மட்டும் மிஞ்சியது. தறிச் சத்தம்.

நாய் தன் சாவை வீட்டாருக்குக் காட்டாது, எங்காவது போய்விடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். உடம்பு தளர்ந்த விலங்கு மறைவிடம் தேடுவது உண்மைதான். அது வீட்டார்மேல் வைத்த கருணையால் அல்ல, பயத்தால். நினைவு குழம்பிய நாய் வழிதவறிப் போவதும் உண்டு. காணாமல் போன கிழ நாயைப் பெரிய மனசு என்று புகழ்வதைவிட, ராத்திரியில் கதவைச் சாத்திவைத்துக் கூடவே படுத்துக்கொள்வது நல்லது. கடைசி 10 நாள் அப்பா தறிக்குழியின் ஓரத்தில் பாய் போட்டுப் படுத்தார்.

கருணைக்கொலை என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. எவ்வளவு கருணையை முன்னால் ஒட்டினாலும் கொலை என்பது பின்னால் நிற்கிறது. மருத்துவரே, “தூங்க வெச்சி அனுப்பிடலாம்” என்றுதான் சொன்னார். இதில் பயந்து நடுங்குகிறவர்களுக்காக, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். முதலில் தொடையில் ஒரு மயக்க ஊசி. அது சாதாரணத் தடுப்பூசி அளவுக்குத்தான் உறுத்தும். சில நிமிடங்களில் நாய் ஆழ்ந்து தூங்கிவிடும். அதன் பிறகுதான் முன்னங்கால் நரம்பில் இரண்டாவது ஊசி. அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் தரப் பயன்படும் மருந்தையே அளவு கூட்டிச் செலுத்துவார்கள். முதலில் மூளை அடங்கும், அடுத்து மூச்சு, அப்புறம் இதயம். ஓரிரு நிமிடம். கண் மூடாது. எல்லாம் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பதுபோல உடம்பு அசையலாம். அது உயிர் இல்லை, தசையின் அசைவு. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், பார்க்கிறவர்கள் அந்த அசைவை ஆயுளுக்கும் சுமப்பார்கள்.

தை பிறந்து நாலாம் நாள் சாயங்காலம் மருத்துவர் வந்தார். மணியைத் தறிக்குழியின் ஓரத்தில் அவன் இடத்திலேயே படுக்கவைத்தோம். “வெளியே போறவங்க போயிடலாம்” என்று அவர் சொன்னபோது யாரும் எழுந்திருக்கவில்லை. கண்ணும் காதும் தளர்ந்த பிறகும் நாய்க்கு மூக்கு கடைசிவரை வேலை செய்யும். அப்பா தன் உள்ளங்கையை அவன் மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டார். சரிகையும் கஞ்சியும் பீடியும் சேர்ந்த கை. தம்பியைப் பார்த்து, “தறியில ஏறு” என்றார். தம்பிக்குப் புரியவில்லை. “ஏறி நெய்யிடா” என்றார்.

தம்பி நெய்தான். நாடா போய் வந்தது. அழுதுகொண்டு நெய்ததில் அந்த அரை முழம் சேலை சரியாக வந்திருக்காது, பிறகு பிரித்து நெய்தானா என்று நான் கேட்கவில்லை. முதல் ஊசி, இரண்டாவது ஊசி. அம்மா அவன் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். மருத்துவர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை அசைத்தார். தம்பி தறியை நிறுத்தினான்.

மணியின் கண் திறந்தே இருந்தது.

கல்லில் நின்ற நாய்கள்

நகரங்களில் செல்லப் பிராணிகளுக்கு எரிமேடை வந்துவிட்டது. எங்களுக்கு ஏரிக்குப் பக்கத்தில் மாமாவின் கொல்லை இருந்தது. கிணற்றிலிருந்து தள்ளி, நாலடி ஆழம் வெட்டினோம். ஆழம் குறையக் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. ஊசி மருந்து உடம்பிலேயே தங்கும், தோண்டித் தின்கிற நரியும் காக்கையும் சேர்ந்து சாகும். உப்பும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, அப்பாவின் வேட்டியில் சுற்றி இறக்கினோம். இறக்கும் முன் அப்பா கத்தரிக்கோலை எடுத்து, கழுத்தில் இருந்த மாம்பழ மஞ்சள் பட்டுக் கயிற்றை வெட்டினார். மனிதர்கள் இறந்தால் அரைஞாண் கயிற்றை அறுப்பார்கள், அதுபோல. மேலே ஒரு தென்னம்பிள்ளை. “நம்ம தலைக்கு வந்தத எடுத்துக்கினு போயிட்டான்” என்று ஆயா மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள்.

“நாய்க்குப் போய் இவ்ளோவா?” என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காஸல் என்ற இடத்தில் 1914இல் ஒரு புதைகுழி கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. 14,000 ஆண்டுப் பழமை. அந்தக் குட்டியின் பற்களை ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள். ஏழு மாதம்கூட நிரம்பாத அந்தக் குட்டிக்குக் கொடிய வைரஸ் காய்ச்சல் வந்து, வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது. யாரோ சுத்தம் செய்து, தண்ணீர் கொடுத்து, சூடாக வைத்துக்கொள்ளாமல் அத்தனை வாரம் அது பிழைத்திருக்க முடியாது. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயாளிக் குட்டி. காஷ்மீரத்தில் புர்சஹோம் என்ற புதிய கற்கால ஊரிலும் மனிதர்களோடு நாய்களைப் புதைத்திருக்கிறார்கள். விவசாயம் தொடங்குவதற்கு முன்பே தொடங்கிய பழக்கம் இது.

தக்கோலம் எங்களுக்குத் தூரமில்லை. 949இல் அங்கே நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் விழுந்தான். வென்ற பக்கத்தில் மணலேரன் என்ற வீரன். அவன் வீரத்தை மெச்சி, என்ன வேண்டும் கேள் என்றான் கங்க மன்னன் பூதுகன். மணலேரன் நாடு கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு மோதி, பன்றியும் காளியும் சேர்ந்து செத்தன. மணலேரன் கோயிலுக்கு முன்னால் காளிக்குக் கல் நட்டு, நிலம் விட்டு, பூசை நடக்க ஏற்பாடு செய்தான். பூசாரி அந்தக் கல்லைப் பூசிக்காமல் சாப்பிட்டால் பாவம் என்றும் பொறித்து வைத்தான். கர்நாடகத்து ஆதகூரில் கிடைத்த அந்தக் கல் இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றும் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மானாமதுரைப் பக்கம் முதியவர் ஒருவர், தன்னோடு வாழ்ந்த டாம் என்ற நாய்க்குப் பளிங்கில் சிலை வைத்துக் கோயில் கட்டியதை 2022இல் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள்.

காளியை விடப் பழையவன் எங்கள் மாவட்டத்துக்காரன். தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில், அங்கே ஒரு நடுகல் நட்டார்கள். எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்பவனின் கல். வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே அந்த நாய்க்குத் தனியாக எழுத்து. அவன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றான் என்று கல் சொல்கிறது. 1972இல் தமிழகத் தொல்லியல் துறை செங்கம் நடுகற்களைத் தொகுத்துப் புத்தகமாக்கியது. ஊர் ஊராகக் கிடந்த வீரர்களின் கல்லெழுத்துகளோடு இந்த நாயின் பெயரும் அச்சில் ஏறியது. கல் நட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. நாயின் பெயர் தெரியும்.

புதைத்த அன்று ராத்திரி யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் போனில் அந்தக் கல்லின் படத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“பேரு போட்டிருக்குதா?”

“போட்டிருக்குதுப்பா. கோவிவன்.”

“செத்துப்போனான்னு போட்டிருக்குதா?”

“இல்ல. கடிச்சி, காத்து நின்னான்னு மட்டுந்தான்.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தறிவீட்டில் விளக்கு எரிந்தது, பிறகு அணைந்தது.

காலையில் முதலாளி வீட்டிலிருந்து புதுப் பாவு வந்தது. வந்ததைக் குறித்துவைக்கக் காலண்டரிடம் போனேன். முந்தின நாளின் கட்டத்தில் கோடும் இல்லை, பெருக்கலும் இல்லை. பென்சிலை அழுத்தி எழுதியிருந்தார்: மணி. வாசல். 14 வருஷம்.

அடுத்த கட்டத்தில் நான் எழுதினேன். பாவு 1, மயில் கழுத்து.